வீட்டுக்குப் போக மிச்சம்

பங்குனி பிறந்துவிட்டால் புதுக்கோட்டைச் சீமையில் ஆலங்குடிக்குக் கிழக்கே எங்கள் பக்கத்துச் செம்மண் கொல்லைகளில் கடலை பிடுங்கத் தொடங்கிவிடுவார்கள். மார்கழிப் பட்டத்தில் ஊன்றிய கடலை அது. முதல் நாள் லேசாகத் தண்ணீர் விட்டு மண்ணை இளக்கி வைத்தால்தான் செடி காயோடு கையில் வரும். காய்ந்த மண்ணில் இழுத்தால் பாதிக் காய் உள்ளேயே தங்கிவிடும். பிடுங்கிப் போட்ட செடிகளைச் சுற்றி வேப்ப மர நிழலில் பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்வார்கள். பேச்சும் சிரிப்புமாகப் பொழுது போகும். ஆய்ந்த கடலையிலேயே ஒரு பங்கு அவர்களுக்குக் கூலியாக அளக்கப்படும்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் யாரும் சோற்றுப் பானையைத் தேட மாட்டோம். மண் உதிராத பச்சைக் கடலையை அலசி, கல் உப்புப் போட்டு அவித்து, முறத்தில் கொட்டிவிடுவார் அம்மா. ஓட்டை உடைத்தால் உள்ளே உப்புத் தண்ணீர் சொட்டும். பருப்பில் பால் பிடித்த ஓர் இனிப்பு இருக்கும். இரண்டு வெயில் பட்டால் அந்த இனிப்பு போய்விடும். அதற்குப் பிறகு அது வறுக்கவும் எண்ணெய் ஆட்டவும் ஆன கடலை. கொல்லை இருக்கிற வீட்டுக்கு மட்டும் வாய்க்கிற ருசி என்று இதைத்தான் சொல்வேன்.

யாவாரியின் வண்டி வருவதற்கு முன்பே வீட்டுப் பங்கு ஒதுங்கிவிடும். விதைக்கு ஒரு பகுதி, செக்கில் ஆட்டி ஒரு வருசத்துக்கு எண்ணெய் எடுக்க ஒரு பகுதி, கட்டிக் கொடுத்த பெண்களுக்கு ஒரு பகுதி. “வீட்டுக்குப் போக மிச்சந்தான் யாவாரிக்கு” என்பார் அப்பா. விலை எவ்வளவு ஏறினாலும் அந்த மூட்டைகளில் கை வைக்க விட மாட்டார். சின்ன வயதில் அது எனக்குப் பிடிவாதமாகத் தெரிந்தது. ஊரைச் சுற்றிப் பார்த்த பிறகு, அந்தப் பிடிவாதம்தான் எங்கள் குடும்பத்தை நல்ல சோறு தின்ன வைத்தது என்று உறுதியாகச் சொல்கிறேன்.

புதுக்கோட்டை செழிப்பான சீமை இல்லை. பக்கத்திலேயே தஞ்சாவூர் இருப்பதால் எங்கள் வறட்சி இன்னும் துலக்கமாகத் தெரியும். தெற்கு வெள்ளாறும் அக்கினியாறும் மழைக்கு ஓடி, மழையோடு நின்றுவிடுகிற ஆறுகள். 1934இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாயின் தண்ணீர் அறந்தாங்கிப் பக்கம் கடைமடையாக வந்து சேர்கிறது. மற்றபடி வானமும் கண்மாயும்தான். மாவட்டமே பொங்கலன்று பிறந்தது. 1974 ஜனவரி 14ஆம் தேதி. மழை பார்த்து விதைத்து, கண்மாய் பார்த்து அறுக்கிற ஊருக்குப் பொருத்தமான பிறந்த நாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கண்மாய்களும் ஒரு விளைச்சல் தரும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றி முழங்காலளவு ஆனதும், பொன்னமராவதி, இலுப்பூர், அன்னவாசல் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சுற்றுவட்டார ஊர்சனம் அத்தனையும் ஒரே நேரத்தில் இறங்கும். விரால், கெண்டை, கெளுத்தி என்று அகப்பட்டதெல்லாம் பிடித்தவருக்கே சொந்தம். அந்த மீனை விற்பது வழக்கமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும். அகப்படாத வீட்டுக்குக் கொஞ்சம் கொடுக்கவும் வேண்டும். அன்று சாயங்காலம் தெரு முழுக்க ஒரே மணம். விற்பதற்கு இல்லாத விளைச்சல் ஒன்று ஊருக்கு இருக்க வேண்டும் என்று யாரோ எந்தக் காலத்திலோ முடிவு செய்திருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தின் வழக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆவுடையார்கோயிலுக்குப் போனால் வீட்டுச் சாப்பாட்டுக்குத் தரும் இதே மரியாதை சாமி சன்னிதியிலும் நடப்பதைப் பார்க்கலாம். மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை அது. கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடை மட்டும்தான். அங்கே ஆத்மநாதருக்குப் படைப்பது புழுங்கல் அரிசிச் சோறு, கீரை, பாகற்காய். வடித்த சோற்றை ஆவி பறக்கப் படைகல்லில் கொட்டுகிறார்கள். அந்த ஆவிதான் நைவேத்தியம். நெய்யும் முந்திரியும் மிதக்கும் பிரசாதங்களுக்கு நடுவே, வயல்காட்டு வீட்டில் அன்றாடம் தின்பதையே கடவுளுக்கும் வைத்திருக்கிறார்களே என்று ஒவ்வொரு முறையும் மனம் நிறைந்துபோகும்.

அந்தப் புழுங்கல் அரிசி வீட்டிலேயே தயாரான காலம் ஒன்று உண்டு. தையில் அறுத்த நெல் பத்தாயத்துக்கு வரும். பொங்கலுக்கு மட்டும் புது அரிசி. அது குழையும் என்பதால் பொங்கலுக்கு அதுதான் சரி. அன்றாடச் சோற்றுக்கு நெல் சில மாதமாவது பழசாக வேண்டும். பெரிய அண்டாவில் நெல்லை அவித்து, களத்தில் காலால் துழாவிக் காயவைத்து, மில்லுக்குக் கொண்டுபோவோம். தவிடு மாட்டுக்கு, குருணை கோழிக்கு, நொய் கஞ்சிக்கு. வரப்பில் ஊன்றிய உளுந்தும் துவரையும் தனி. எங்கள் பக்கத்து வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயர் தாங்கிய உளுந்து ரகங்கள் தமிழ்நாடெங்கும் விளைகின்றன. துவரையைச் செம்மண்ணில் பிசறிக் காயவைத்து எடுத்து வைப்பார் அப்பாயி. வண்டு அண்டாது.

பலாவைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் கோடையைச் சொல்ல முடியாது. வடகாடு, மாங்காடு, கீரமங்கலம் பக்கம் தோட்டந்தோறும் பலா. மூசாக இருக்கும்போது கூட்டு, பழுத்தால் சுளை, கொட்டையைக் கத்தரிக்காயும் கருவாடும் சேர்த்துக் குழம்பு. கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு மறுநாள் பழைய சோற்றுக்குத்தான் ருசி. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அந்தத் தோட்டங்களைச் சாய்த்துப்போட்டது. தாத்தாக்கள் வைத்த பலாவும் காய்த்து நின்ற தென்னையும் ஒரே இரவில் தரையில் கிடந்தன. பணக் கணக்கை அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவில் ஒரு கிழவி, “இனி என் பேரனுக்கு எந்த மரத்துப் பழம்?” என்றுதான் அழுதார். பலா காய்க்க ஆறேழு வருசமாகும் என்று தெரிந்தும் அந்த மார்கழியிலேயே கன்று வைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கன்றுகளில் பல இப்போது காய்க்கின்றன.

இந்த மண்ணுக்காக எங்கள் சனம் போராடவும் செய்திருக்கிறது. 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசலில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்கள் சேர்ந்தன. நிலத்தைக் காத்துக்கொண்டோம். ஆனால் அந்த நிலத்தில் விளைந்தது எங்கள் அடுப்புக்கு வருகிறதா என்று பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் நெல் டிராக்டரில் விழுந்து, அங்கிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. வீட்டு வாசலைப் பார்ப்பதே இல்லை. களமும் பத்தாயமும் போய்விட்டன. நெல் போட்டவர் கையில் பணத்தோடு கடையில் அரிசிச் சிப்பம் வாங்குகிறார். கடலையை விற்றுவிட்டு, எந்த ஊரில் பிழிந்தது என்று தெரியாத எண்ணெயைப் பாக்கெட்டில் வாங்குகிறோம். ஆள் கிடைப்பதில்லை, கடன் தவணை நிற்கிறது, நெல்லை அவித்துக் காயவைக்க வீட்டில் பெண்களுக்கு நேரமில்லை. எல்லாம் உண்மை. அந்த வேலையின் பாரம் முழுவதும் அம்மாக்கள் முதுகில் இருந்தது என்பதும் உண்மை. அதை அப்படியே திரும்பக் கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனால் பத்து மூட்டையில் இரண்டை நிறுத்தி வைக்க இயந்திரம் தடையில்லை. அவித்து அரைத்துத் தர மில்லும் இருக்கிறது.

கீரனூர்ப் பக்கம் ஒடுகம்பட்டியில் இயற்கை வேளாண்மை முன்னோடி நம்மாழ்வாரின் ‘குடும்பம்’ அமைப்பு கொழுஞ்சிப் பண்ணையை உருவாக்கியது, ஒன்றும் விளையாது என்று கைவிட்ட நிலத்தில்தான். அப்படிப்பட்ட மண்ணிலேயே முடிந்தது, கிணறும் கொல்லையும் வைத்திருக்கிற நமக்கு முடியாதா?

புதுக்கோட்டைச் சீமையில் நிலம் வைத்திருக்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். இந்த ஆடிப் பட்டத்தில் வீட்டுக்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள். அவரை, புடலைக்கு ஒரு பந்தல், வரப்பில் துவரை, ஓரத்தில் ஒரு பலாக்கன்று போதும். தையில் நெல் அறுக்கும்போது லாரிக்கு ஏற்றுவதற்கு முன் உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியதை முதலில் அளந்து உள்ளே வையுங்கள்.