ஒன்றை விட்டு இன்னொன்றா டாக்டர்?

ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சையா புப்ரெனார்ஃபின் மாத்திரை எழுதினா, பெத்தவங்க கேக்கற முதல் கேள்வி: "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா டாக்டர்?"

நியாயமான கேள்வி. இதுக்கான பதிலை ரத்தத்துல அளந்து பார்த்தே ஐம்பது வருஷத்துக்கு மேல கழிச்ச ஒரு டாக்டரம்மா இருந்தாங்க. மேரி ஜீன் கிரீக். அவங்களைப் பத்திதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

1964, நியூயார்க். ஹெராயின் பழகினவருக்கு ஓபியம் வகை மருந்து எழுதுற டாக்டர் மேல கேஸ் பாயக்கூடிய காலம். 1914-ல வந்த ஒரு சட்டத்தை அப்படித்தான் அரசு பயன்படுத்திட்டு இருந்தது. ஜெயில்ல போடு, இல்லேன்னா ஆஸ்பத்திரியில வெச்சு முழுசா நிறுத்து. வெளிய வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க திரும்ப ஊசிக்கே போனாங்க. "மன உறுதி இல்ல"ன்னு ஊர் சொல்லுச்சு.

ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிறுவனத்துல வின்சென்ட் டோல் என்ற டாக்டருக்கு அதுல சந்தேகம். அவர் உடல் பருமன் ஆராய்ச்சியாளர். பசி மாதிரி இதுவும் உடம்போட வேலையா இருக்குமோ? மனநல மருத்துவர் மாரி நைஸ்வாண்டரைச் சேர்த்துக்கிட்டார். மூணாவதா வந்தவங்கதான் கிரீக். முப்பது வயசுகூட ஆகாத பயிற்சி டாக்டர்.

முதல்ல மார்ஃபின் கொடுத்துப் பார்த்தாங்க. ஒரு நாளைக்குப் பல ஊசி, டோஸும் ஏறிட்டே போச்சு. நோயாளிங்க டிவி முன்னாடி உக்காந்து அடுத்த ஊசிக்குக் காத்திருந்தாங்க, அவ்வளவுதான். அப்புறம் மெத்தடோனுக்கு மாத்தினாங்க. ஜெர்மனியில வலி நிவாரணியா உருவான பழைய மருந்து. ஒருத்தர் படம் வரைய ஆரம்பிச்சார். இன்னொருத்தர் விட்ட படிப்பை முடிக்கணும்னு கேட்டார்!

காரணம் நேரம். ஹெராயின் ஊசி சட்டுனு ஏறி சில மணி நேரத்துல இறங்கிடும். இறங்கும்போது உடம்பு முறுக்கும், வியர்க்கும், வயிறு பிடுங்கும். அதனால அடுத்த ஊசி. இப்படி ஒரு நாளைக்குப் பல மேடு, பல பள்ளம். வாயால குடிக்கிற மெத்தடோன் மெதுவா ஏறி ஒரு நாள் முழுக்க ஒரே அளவுல நிக்கும். சரியான டோஸ்ல கிறக்கமும் இல்ல, முறுக்கலும் இல்ல. மூளையில அதே பூட்டுலதான் உக்காருது, ஆனா உலுக்கறதில்ல.

1965-ல 22 நோயாளிகளோட அனுபவத்தைக் கட்டுரையா வெளியிட்டாங்க. பேரும் வந்தது, எதிர்ப்பும் வந்தது. மெத்தடோன் கதையை எழுதறவங்க பெரும்பாலும் இங்கயே நிறுத்திடுவாங்க. எனக்கு இதுக்கப்புறம் நடந்ததுதான் பெருசாத் தெரியுது.

வருஷக்கணக்கா இந்த மருந்தைக் குடிச்சா உடம்பு என்னாகும்? கல்லீரல்? ஹார்மோன்? கிரீக் அதே நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து, ரத்தம் எடுத்து, அளந்துக்கிட்டே இருந்தாங்க. மன அழுத்த ஹார்மோன் ஹெராயின் ஏறும்போது அமுங்கி, இறங்கும்போது எகிறும். நிலையான டோஸ் மெத்தடோன்ல அது இயல்புக்குத் திரும்பினதைக் காட்டினாங்க. 'இன்னொரு போதையா' என்ற கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச நேர்மையான பதில் இதுதான். அதே வகை மருந்து, ஆனா உடம்புல நடக்கறது வேற.

எடுத்த ரத்தத்தை அவங்க சேமிச்சும் வெச்சாங்க. 1980கள்ல எய்ட்ஸ் வந்தப்போ அது கைகொடுத்தது. சிகிச்சைக்கே வராத ஊசிப் பழக்கக்காரங்கள்ல பாதிப் பேருக்கு மேல ஹெச்.ஐ.வி. தொற்று பரவறதுக்கு முன்னாடியே மெத்தடோன்ல நிலைச்சவங்கள்ல பத்துல ஒருத்தருக்கும் குறைவு. குடிக்கிற மருந்துக்கு ஊசி எதுக்கு?

மெத்தடோன் ஆபத்தில்லாத மருந்துன்னு நான் சொல்ல வரல. டோஸ் அதிகமானா மூச்சு நிக்கும், சிலருக்கு இதயத் துடிப்பு மாறும், வீட்டுல குழந்தை தெரியாம குடிச்சா உயிரே போகும். அதனாலதான் கண்காணிப்போட கொடுக்கறாங்க. 2005-ல மெத்தடோனும் புப்ரெனார்ஃபினும் உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்ந்தது. இந்தியாவுலயும் அரசு மையங்கள்ல கொடுக்கறாங்க.

கிரீக் 2021-ல காலமானாங்க. கடைசி வரைக்கும் அதே ராக்ஃபெல்லர்தான்.

இப்போ பெத்தவங்களுக்கு. பையன் வேலைக்குப் போறான், நல்லா சாப்பிடறான், "இனிமே எதுக்கு மாத்திரை"ன்னு நீங்களா நிறுத்திடாதீங்க. மருந்து நின்ன சில வாரத்துல உடம்போட தாங்குற சக்தி குறைஞ்சிடும். அப்போ ஒரு நாள் தடுமாறி, பழைய அளவு ஹெராயினைப் போட்டா மூச்சு நின்னுடும். நிறுத்தணும்னு தோணினா டாக்டர்கிட்ட வாங்க. கொஞ்சம் கொஞ்சமா குறைக்க வழி இருக்கு. சிலருக்குப் பல வருஷம் ஆகும்.