தறிக்கூடத்தில் கற்ற பாடம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

“பி.எஸ்ஸி. படித்து என்ன ஆகப் போகிறாய்?” என்று கேட்காத உறவினர் எங்களுக்கு இல்லை. “பொறியியல் கிடைக்கவில்லையா?” என்பது அதையடுத்து வரும் கேள்வி. கிடைத்தது, ஆனால் போகவில்லை என்று சொன்னால் அதற்குள் ஒரு கதை சொல்ல வேண்டும். ஆகவே சிரித்துவிட்டு நகர்ந்து விடுவேன். அந்தக் கதையைத்தான் இம்மலரில் எழுத முற்படுகிறேன்.

எங்கள் ஊர் பள்ளிபாளையம். காவிரிக்கு அக்கரையில் ஈரோடு, இக்கரையில் நாங்கள். வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் பழைய விசைத்தறிகள் இரண்டு. பகலில் அம்மா ஓட்டுவார், இரவில் அப்பா ஓட்டுவார். பாவும் ஊடையும் முதலாளி கொடுப்பார். நெய்த மீட்டருக்குக் கூலி. எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பொறியியல் கலந்தாய்வில் எனக்கு ஒரு தனியார் கல்லூரியில் மெக்கட்ரானிக்ஸ் பிரிவில் இடம் கிடைத்தது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு ஒதுக்கீடும், அதன்வழிச் சேர்வோருக்கு விடுதிச் செலவு உட்பட உதவியும் உண்டு. நான் படித்ததோ அரசு உதவி பெறும் பள்ளி. முதல் பட்டதாரிச் சலுகை கல்விக் கட்டணத்திற்கு மட்டுந்தான். விடுதி, சாப்பாடு, புத்தகம், தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அப்பா ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டினார். கூட்டியதை இன்னொரு முறை கூட்டினார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் தறிக்கு எழுந்து போனார். அந்த ஓராண்டு நானும் தறி ஓட்டினேன். அடுத்த ஆண்டு நம் கல்லூரியில் சேர்ந்தேன்.

என் பள்ளித் தோழன் ஒருவன் வேறொரு கல்லூரியில் அதே மெக்கட்ரானிக்ஸ் படிக்கிறான். விடுமுறைக்கு வரும்போது அவன் குறிப்பேடுகளை வாங்கிப் படிப்பேன். முதலில் பொறாமையோடுதான் படித்தேன் என்பதை மறைப்பானேன்?

‘மெக்கட்ரானிக்ஸ்’ என்ற சொல்லுக்கு வயது அதிகமில்லை. ஜப்பானின் யஸ்காவா மின்பொறி நிறுவனத்தில் பணிபுரிந்த டெட்சுரோ மோரி என்ற பொறியாளர் 1969-ல் ‘மெக்கானிசம்’, ‘எலெக்ட்ரானிக்ஸ்’ என்ற இரண்டையும் இணைத்து உருவாக்கிய சொல் அது. இயந்திரவியல், மின்னணுவியல், கணினி, கட்டுப்பாட்டியல் ஆகிய நான்கும் இதில் கலந்து வருகின்றன. தோழனின் ஏட்டில் ஒரு பக்கம் பற்சக்கரம், மறுபக்கம் டிரான்சிஸ்டர், அதற்கடுத்த பக்கம் கணினி நிரல். “இத்தனையும் ஒருவன் எப்படிப் படிப்பது?” என்று கேட்டேன். “எல்லாம் மூன்றே கேள்விதான். என்ன நடக்கிறதென்று எப்படி அறிவது? அறிந்தபின் எப்படி முடிவெடுப்பது? முடிவெடுத்தபின் எதைக் கொண்டு செய்வது?” என்றான் அவன். உணரி, கட்டுப்படுத்தி, இயக்கி என்று அவற்றிற்குப் பெயர்.

அன்றிரவு தறிக்கூடத்தில் நின்றபோது அந்த மூன்று கேள்விகளும் நினைவுக்கு வந்தன. ஊடை நூல் அறுந்தால் எங்கள் தறி தானே நின்றுவிடும். முள்கரண்டி போன்ற சிறு கம்பி ஒன்று அதற்கென்றே இருக்கிறது. ஊடை நூல் இருக்கும்வரை அது கம்பியின் முன்பக்கத்தைத் தள்ளும், பின்பக்கம் மேலெழும்பும். நூல் இல்லையேல் கம்பி அசையாது. அப்போது அதன் பின்முனை ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும், கைப்பிடி விடுபடும், தறி நிற்கும். சிறுவயது முதல் பார்த்த கம்பிதான். ஆனால் அது நூலைத் ‘தொட்டுப் பார்க்கிறது’ என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று!

பாவு நூல் அறுந்தாலோ எங்கள் தறி நிற்காது. துணியில் கோடு விழுந்துகொண்டே போகும், கூலியில் பிடிப்பார்கள். ஆகவே அம்மா இரண்டு தறிகளுக்கும் இடையே நின்று, ஆயிரக்கணக்கான இழைகளைக் கண்ணாலேயே காவல் காப்பார். தறிச் சத்தத்தில் அவருக்குக் காது பாதி மந்தமாகிவிட்டது. கண் மட்டுந்தான் துணை.

இதற்குத் தீர்வு காண்பது எனக்கு முன்பே பலர் செய்த வேலை. ஜப்பானில் சகிச்சி டொயோடா என்பவர், தம் தாயாரின் நெசவு வேலையை எளிதாக்க விரும்பியே தறியில் கைவைத்தார் என்று படித்தேன். 1891-ல் மரக் கைத்தறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1924-ல் அவர் உருவாக்கிய தானியங்கித் தறி, பாவு அறுந்தால் தானே நின்றது. பின்னாளில் டொயோட்டா கார் நிறுவனம் முளைத்தது அந்தத் தறித் தொழிலிலிருந்துதான். பெரிய ஆலைகளின் புதுத் தறிகளிலும் இந்த வசதி உண்டு. எங்கள் கொட்டகையில்தான் இல்லை.

பழைய இரும்புக் கடையில் மெல்லிய தகட்டு ஊசிகள் நாற்பது வாங்கினேன். ஓரத்து இழைகள் நாற்பதில் இழைக்கு ஒன்றாக மாட்டினேன். இழை அறுந்தால் ஊசி கீழே விழுந்து, ஒன்றையொன்று தொடாத இரு பட்டைகளை இணைக்கும், மின்சுற்று மூடும், சிறு பல்பு எரியும். கத்தரியால் நானே ஓர் இழையை வெட்டினேன். பல்பு எரிந்தது. பெருமையோடு அம்மாவைப் பார்த்தேன்.

“நூல் அந்துபோச்சுன்னு வெளக்கு சொல்லுது, சரி கண்ணு. நான் அந்தத் தறிகிட்ட நின்னா யாரு பாக்கறது? தறி நிக்கோணுமல்லோ?” என்றார் அம்மா.

நான் விழித்தேன். அவர் ஊடைக் கம்பியைச் சுட்டிக் காட்டினார். “ஊடை அந்தா அது நிறுத்துதல்லோ? உன்ற வெளக்க அதுகிட்டச் சொல்லச் சொல்லு.”

மூன்றாவது கேள்வியை எனக்கு நினைவூட்டியவர் அம்மாதான். பல்பு இருந்த இடத்தில் ஒரு சிறு மின்காந்தத்தை வைத்தேன். பாவு அறுந்தால் அது ஊடைக் கம்பியின் பின்முனையைக் கீழே பிடித்துக்கொள்ளும். ஊடையே அறுந்துவிட்டது என்று எண்ணித் தறி நிற்கும்!

நின்றது. ஆனால் நூல் அறாதபோதும் நின்றது. அன்றிரவு அப்பாவின் முறையில் பத்துப் பதினைந்து தடவை காரணமின்றி நின்றது. மீட்டர் குறைந்தால் கூலி குறையும். விடியலில் அவர் ஒயர்களையெல்லாம் பிடுங்கி என் பாயின் அருகே போட்டிருந்தார். திட்டவில்லை; திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நம் ஆய்வகத்தில் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் விடை சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். “நூல் அறுந்து விழுந்த ஊசி எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருக்கும்? அதிர்ச்சியில் துள்ளும் ஊசி எவ்வளவு நேரம் தொடும்?” நாடா நிமிடத்திற்கு நூறு முறைக்கு மேல் ஓடும் தறியில் எல்லாமே அதிர்ந்துகொண்டுதான் இருக்கும். துள்ளும் ஊசி ஒரு கணம் தொட்டு விலகும். விழுந்த ஊசி விழுந்தபடியே கிடக்கும். அப்படியானால் சற்றுப் பொறுத்திருந்து முடிவெடுக்க வேண்டும்! மின்தேக்கி மின்தடை வழியே மெல்ல மின்னேற்றம் பெறும் சோதனையை முதலாண்டில் நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். வரைபடம் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அதையே சுற்றில் சேர்த்தேன். ஏறத்தாழ ஒரு விநாடி தொடர்ந்து தொட்டால்தான் டிரான்சிஸ்டர் மின்காந்தத்தை இயக்கும்.

அப்பாவிடம் ஓர் இரவு மட்டும் இரவல் கேட்டேன். நானும் உடன் விழித்திருந்தேன். வீணாக ஒருமுறையும் நிற்கவில்லை. மூன்று மணி வாக்கில் ஓர் இழை தானே அறுந்தது, தறி நின்றது. அப்பா அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டார். மீண்டும் கைப்பிடியைத் தள்ளினார்.

நாற்பது இழைக்கு மட்டுமே இது பொருந்தும். முழுப் பாவுக்கும் செய்யப் பணமும் வேண்டும், இன்னும் படிப்பும் வேண்டும். நான் எதையும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால் மெக்கட்ரானிக்ஸ் என்பது நான் இழந்துவிட்ட ஒரு கல்லூரிக்குள் பூட்டிக் கிடக்கும் பொருள் என்ற எண்ணம் அன்றோடு என்னை விட்டுப் போயிற்று. அதில் ஒரு பகுதி நம் ஆய்வக மேசையில் இருக்கிறது. ஒரு பகுதி அம்மாவின் கண்ணில் இருந்தது.

மாணவ நண்பர்களே! கிடைக்காத படிப்பை எண்ணி, கிடைத்த படிப்பை அரை மனத்தோடு படிப்பவர்கள் நம்மில் பலர். நானும் அவர்களில் ஒருவனாகத்தான் இருந்தேன். பி.எஸ்ஸி. முடித்தவர்கள் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழியிருக்கிறது. அதை வீட்டில் முன்பொரு நாள் மெதுவாகச் சொல்லியிருந்தேன். யாரும் பதில் பேசவில்லை.

அந்த விடியலில் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்த அப்பா, வாசல் குழாயில் கைகால் கழுவியபடியே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

“நேரா ரெண்டாம் வருசத்துல சேரலாம்னு சொன்னயே, அதுக்கு எப்ப எழுதிப் போடோணும்?”

அவர் காதில் பென்சில் இருந்தது.