இருவராய்ப் பார்க்க ஒரு சுற்று: கனகம்மாசத்திரம் முதல் திருத்தணி மலை வரை

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இடையே இருக்கிறது கனகம்மாசத்திரம். ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர். ஏழுமலையானைப் பார்க்கும் அவசரத்தில் போகிறவர்கள் இதைப் பேருந்தின் சன்னல் வழியாகவே பார்த்துக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் இங்கிருந்து தெற்கே தக்கோலம் சாலையில் திரும்பினால் திருவாலங்காடும் பழையனூரும். நெடுஞ்சாலையிலேயே வடமேற்காகத் தொடர்ந்தால் திருத்தணி. வரலாற்று நகரம் ஒன்றைப் பார்க்க இரண்டு நாள் ஒதுக்கும் கணவன் மனைவிக்கு இவ்வளவு அருகில், இவ்வளவு செறிவாக அமைந்த சுற்று வட தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

ஆயிரம் ஆண்டைத் தாண்டிய கற்கோயிலும் செப்பேடும் பதிகமும் இந்த வட்டாரத்துக்கு உண்டு. அவற்றோடு இன்னொன்றும் உண்டு. இங்கே சொல்லப்படும் பெரிய கதைகள் பெரும்பாலும் கணவன் மனைவியைப் பற்றியவை. பிரிந்தவர்கள், வஞ்சித்தவர்கள், போட்டியிட்டவர்கள், தேடி வந்து மணந்தவர்கள் என்று நான்கு வகையினரும் சில மைல் தூரத்துக்குள் இருக்கிறார்கள். தனியே போகிறவருக்கு இவை தலபுராணங்கள். சேர்ந்து போகிற இருவருக்கு இவை தங்களைப் பற்றியே பேசத் தொடங்கிவிடும்.

சத்திரம் என்ற ஏற்பாட்டிலிருந்து தொடங்குவதே முறை. ரயிலும் பேருந்தும் வருவதற்கு முன்பு யாத்திரை என்பது நடையும் மாட்டு வண்டியும்தான். ஒரு பகல் பயணத்தின் முடிவில் வழிப்போக்கருக்குத் திண்ணையும் கிணறும் ஒரு வேளைச் சோறும் தேவைப்பட்டன. வசதி படைத்தவர்கள் தருமமாகச் சத்திரங்களைக் கட்டி, அவற்றின் செலவுக்கு நிலமும் எழுதி வைத்தார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் பயமின்றி இரவைக் கழிக்க முடிந்தது அதனால்தான். அப்படி ஒரு தருமம் இருந்த இடத்தைச் சுற்றி ஊரே வளர்ந்து, ஒரு பெண்ணின் பெயரையே தன் பெயராகக் கொண்டிருக்கிறது. இன்று தங்குவதற்குத் திருத்தணியில் தேவஸ்தான விடுதிகளும் லாட்ஜுகளும் இருக்கின்றன. கூட்டு ரோட்டில் ஒரு டீ குடித்துவிட்டு, காலை வெயில் ஏறுமுன் தெற்கே கிளம்புவது நல்லது.

முதலில் பழையனூர். நீலி கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஊர் இது. மனைவியைக் கொன்ற ஒருவன் மறுபிறவியில் வணிகனாக இவ்வழியே வருகிறான். கொலையுண்டவள் பேயாகி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன்னைக் கைவிட்ட கணவன் இவன் என்று ஊராரிடம் முறையிடுகிறாள். குழந்தையும் அவனை அப்பா என்கிறது. ஊர் வேளாளர் எழுபது பேர் கூடி, வணிகனின் அச்சத்தைப் பொருட்படுத்தாமல், அவளோடு தங்கும்படி சொல்கிறார்கள். அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணையாகவும் வைக்கிறார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். சொன்ன சொல்லைக் காக்க எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தக் கதையைச் சுட்டியிருப்பதால், அவர் காலமான 7-ஆம் நூற்றாண்டுக்கும் முன்பே இது மக்கள் வாயில் வழங்கியது தெளிவு.

பழையனூரின் பெருமையாக ஊரார் சொல்வது அந்த எழுபது பேரின் வாய்மையை. அது உண்மையிலேயே பெரிய செயல். ஆனால் கதையின் வேர் ஒரு வீட்டுக்குள் நடந்த கொலை. நம்பி உடன் வந்த மனைவிக்குச் செய்த துரோகம் ஒரு பிறவியோடு தீராமல், சம்பந்தமே இல்லாத எழுபது குடும்பங்களையும் எரித்தது என்பதுதான் இதன் மையம். ஒரு வீட்டின் அநீதி அந்த வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடாது என்று நம் முன்னோர் எவ்வளவு உறுதியாக நம்பினார்கள் என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டியதில்லை.

அடுத்து நிற்பது திருவாலங்காடு. வடாரண்யேசுவரர் கோயில், அம்பாள் வண்டார்குழலி. நடராசரின் ஐந்து சபைகளில் இது இரத்தின சபை. காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்த தலமும் இதுதான். அவர் வரலாற்றைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் விரித்துச் சொன்னார். காரைக்காலில் வணிகன் பரமதத்தனின் மனைவி புனிதவதி. கணவன் அனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குச் சோற்றோடு இட்டுவிடுகிறாள். உண்ண வந்த கணவன் மற்றதைச் சுவைத்துவிட்டு இன்னொன்றும் கேட்க, இறைவனை நினைக்கிறாள். கையில் ஒரு கனி வருகிறது. அதன் சுவை வேறாக இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்கிறான். உள்ளதை உள்ளபடி சொல்கிறாள். நம்பாமல், இன்னும் ஒன்று வரவழைக்கச் சொல்கிறான். அதுவும் வருகிறது, அவன் கையில் வாங்கியதும் மறைகிறது.

அந்தக் கணத்தில் குடும்பம் முறிந்தது. பரமதத்தன் கொடியவன் அல்லன். மனைவியைத் தெய்வமென்று அஞ்சினான். அஞ்சியவளோடு வாழத் தெரியாமல் கடல் வணிகம் என்று சொல்லிப் போனவன் பாண்டி நாட்டில் வேறு மணம் செய்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். உறவினர் அவளை அழைத்துக்கொண்டு போய் நிறுத்தியபோது மனைவி மகளோடு அவள் காலில் விழுந்தான். இனி இந்த உடலின் அழகு யாருக்காக என்று பேயுருவை வேண்டிப் பெற்று, தலையால் நடந்து கயிலை ஏறி, இறைவன் வாயால் ‘அம்மையே’ என்று அழைக்கப்பட்டு, ஆலங்காட்டில் அவன் ஆடலைக் கண்டுகொண்டே இருக்கும் பேற்றைப் பெற்றார் அம்மையார். அவர் தலையால் நடந்த மண்ணில் கால் வைக்கத் தயங்கிச் சம்பந்தர் ஊருக்கு வெளியே தங்கினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. தேவார மூவருக்கும் முற்பட்ட இவர் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இந்தச் சுடுகாட்டு ஆடலையே பாடுகின்றன. பங்குனிச் சுவாதியில் அவருக்குக் குருபூசை நடக்கிறது.

இரத்தின சபையின் முன் நிற்கும் தம்பதி ஒன்றைக் கவனிக்க வேண்டும். காளியோடு நடந்த ஆட்டப் போட்டியில் இறைவன் ஊர்த்துவ தாண்டவம் ஆடிய இடம் இது. ஆட்டத்தில் கீழே விழுந்த குழையைக் கால் விரலால் எடுத்து, அந்தக் காலையே உயர்த்திக் காதில் மாட்டினார் என்பது தலபுராணம். அதைச் செய்ய மனமில்லாமல் காளி ஆட்டத்தை நிறுத்தினாள். ஆனால் தோற்றவளுக்கு இங்கே தனிக் கோயில் உண்டு. முதலில் காளியை வணங்கிய பிறகே ஈசனை வணங்குவது இத்தலத்து வழக்கம். வென்றவர் தம் வெற்றியால் மற்றவரின் இடத்தைப் பறிக்கவில்லை. கிரேக்க நாட்டு ஏதென்ஸிலும் ஒரு போட்டிக் கதை உண்டு. அந்த நகரம் யாருக்கு என்று ஏதெனா தேவியும் கடல் தெய்வம் பொசைடனும் போட்டியிட்டதை, பொ.ஆ.மு. 447-ல் கட்டத் தொடங்கிய பார்த்தினான் கோயிலின் மேற்கு முகப்பில் சிற்பமாக வடித்தார்கள். அங்கே வென்றவள் தேவி. இன்று அந்த முகப்புச் சிற்பங்களில் பலவற்றைப் பார்க்க இலண்டன் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். கோயிலில் பூசை நின்று பல நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆலங்காட்டில் மார்கழித் திருவாதிரை இரவில் இன்றும் அபிடேகம் நடக்கிறது.

ஆலங்காட்டுக்கும் இடம் பெயர்ந்த செல்வம் உண்டு. இந்த ஊரின் பெயரால் உலகறிந்த சோழர் கால நடராசர் செப்புத் திருமேனி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் புகைப்படங்களைக் கண்டு பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் எழுதிய கட்டுரை 1921-ல் வெளிவந்தது. முதலாம் இராசேந்திர சோழன் தன் 6-ஆம் ஆட்சியாண்டில் பழையனூரை இக்கோயிலுக்கு வழங்கிய செய்தியைச் சொல்லும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், 31 ஏடுகள் கொண்டவை. சோழர் குல வரிசையை அறிய வரலாற்றாசிரியர்கள் நம்பும் முதன்மைச் சான்றுகளில் ஒன்று. திரும்பும் வழியில் எழும்பூரில் ஒரு மணி நேரம் இறங்கினால் இந்தச் சுற்று முழுமை பெறும்.

நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவதால், மதியத்துக்குள் ஆலங்காட்டை முடித்துக்கொண்டு கரும்பு வயல்களின் வழியே திருத்தணிக்குப் போகலாம். மலைக்கு விரையும் கூட்டம் தவறவிடும் ஓர் இடம் கீழே, நந்தி ஆற்றங்கரையில் இருக்கும் வீரட்டானேசுவரர் கோயில். 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவ மன்னன் அபராசிதன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் எழுப்பிய கற்றளி. பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்த தூங்கானை மாட வடிவம். இதன் சுவரில் ஒரு வெண்பா வெட்டப்பட்டிருக்கிறது. அதை இயற்றியவர் அரசரே என்று கல்வெட்டே குறிப்பிடுகிறது. கட்டியவர் ஒருவர், பாடியவர் அரசர். கட்டியவரின் புகழைத் தன் புகழாக்கிக்கொள்ளாமல் பாட்டில் வைத்துப் பாராட்டிய அந்த மனம் சிறிய கோயிலைப் பெரிதாக்குகிறது. வளைந்த சுவரை ஒருமுறை நிதானமாகச் சுற்றி வந்தால் போதும். இதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

மலைக்கோயிலுக்கு மறுநாள் விடியற்காலை உகந்தது. அறுபடை வீடுகளில் ஐந்தாவது. ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகள். டிசம்பர் 31 இரவில் படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறும் படித்திருவிழாவை வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்தார். முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையைப் பாடியதும் இந்த மலையில்தான் என்பது இசை மரபு. சூரனோடு போர் முடித்த முருகன் சினம் ஆறி அமர்ந்த இடம் என்பதால் கந்த சஷ்டியில் இங்கே சூரசம்காரம் இல்லை. மற்றத் தலங்களில் வேல் பாயும் நாளில் இங்கே மலர் சொரிகிறார்கள்.

போர் ஓய்ந்த இடத்தில்தான் திருமணம் வருகிறது. வேடர் குலத்து வள்ளியைத் தினைப்புனத்தில் தேடிப் போய், வேடனாகவும் கிழவனாகவும் நின்று, அவள் மனம் இணங்கும் வரை காத்திருந்து, முருகன் மணந்தது இந்தத் தணிகையில் என்பது தல வரலாறு. மாசிப் பெருவிழாவில் வள்ளி திருமணம், சித்திரைப் பெருவிழாவில் தெய்வானை திருமணம் என்று இருவருக்கும் தனித்தனியே விழா உண்டு. சந்நிதிக்கு எதிரே நிற்கும் யானை, தெய்வானையை மணந்தபோது இந்திரன் சீராகத் தந்த ஐராவதம். அது சந்நிதியைப் பார்க்காமல் கிழக்கே பார்த்து நிற்கும். யானை போனதும் இந்திரனின் செல்வம் குறைய, அதன் பார்வையாவது தாய் வீட்டுப் பக்கம் இருக்கட்டும் என்று முருகன் திருப்பி வைத்தார் என்பார்கள். பெண் வீட்டிலிருந்து வந்தது அந்த வீட்டை வறுமையாக்கக் கூடாது என்ற எண்ணம் கல்லாக நிற்கிறது. யானையின் முகம் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் வந்துவிடுகிறவர்கள் மிகப் பலர். அருகில் இருப்பவர் ‘ஏங்க, இதைப் பாருங்க’ என்று காட்டினால் தவிர.

மலையிலிருந்து வடக்கே பார்த்தால் ஆந்திரக் குன்றுகள். திருத்தணியும் ஒரு காலத்தில் அந்தப் பக்கமே இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 1888-ல் இவ்வூரில் பிறந்த இராதாகிருஷ்ணன் அப்போது நாட்டின் குடியரசுத் துணைத் தலைவர். கோடு மாறினாலும் கொள்வினை கொடுப்பினை நிற்கவில்லை. வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி என்று இரண்டையும் சரளமாகப் பேசும் குடும்பங்கள் இங்கே ஏராளம்.

நடைமுறையாகச் சில செய்திகள். சென்னையிலிருந்து திருத்தணிக்கு அரக்கோணம் வழியாகப் புறநகர் ரயில் உண்டு. திருப்பதி பேருந்துகளும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மலை மேல் வரை வாகனச் சாலை இருக்கிறது. ஆடிக் கிருத்திகை காவடிக் கூட்டம் காண அரியது. ஆனால் அமைதியாகச் சுற்ற நினைப்பவர்கள் அந்த நாட்களை விட்டுவிடலாம். ஐப்பசி மழைக்குப் பின், தை மாசி வரை வெயில் தாங்கக் கூடியது.

வரிசை முக்கியம். பழையனூர், ஆலங்காடு, ஆற்றங்கரைக் கோயில், மலை என்று போனால், மனைவியைக் கொன்றவனின் கதையில் தொடங்கி, மனைவியைப் புரிந்துகொள்ளாமல் அஞ்சி விலகியவனைக் கடந்து, போட்டியிட்டும் ஒருவர் இடத்தை ஒருவர் காத்த இருவரைக் கண்டு, பெண்ணின் இசைவுக்காகக் காத்திருந்தவனின் சந்நிதியில் பயணம் முடியும். நான்கிலும் கேள்வி ஒன்றுதான்: கூட இருப்பவரின் மதிப்பு உடன் வாழ்கிறவருக்குத் தெரிகிறதா? இல்லறத்தில் எத்தனை ஆண்டு ஆனவர்களும் இந்தக் கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு இரண்டு நாள் ஓய்வு போதும்.