ஒன்றரை அங்குல வேர்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தைத் தாண்டினால் இருபுறமும் தொழிற்சாலை மதில்கள்தான். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. 2010-இல் ரெனோ-நிஸான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்ட் என்று ஒரகடம் பக்கம் பெரிய ஆலைகள் வர வர, அவற்றுக்கு உதிரி பாகம் செய்துகொடுக்கும் கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. பெரியதோ சிறியதோ, வாசலையொட்டி ஒரு புல்தரை இல்லாத ஆலையைப் பார்ப்பது அரிது. அதைப் பார்த்துக்கொள்ள காலையிலேயே வந்துவிடும் சிறு கூட்டம் ஒன்றும் இருக்கும். இங்கே வண்டி செய்கிறவர்களைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. புல் வளர்க்கிறவர்களின் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றுதான் நான் போனேன்.

நான் போனது நடுத்தரமான ஓர் உதிரி பாக ஆலை. சித்திரை முடியப் போகிற நேரம். முன்பக்கப் புல்தரை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் கொல்லையில்தான் சிக்கல். அதன் தெற்கே 10 மீட்டர் உயரத்துக்கு ஷெட் சுவர், கிழக்கே வரிசையாகப் புங்க மரங்கள். இடையில் கிடந்த புல்தரை திட்டுத் திட்டாகக் கருகி, மண் தெரிந்தது. ஒவ்வொரு கோடையிலும் இப்படித்தான் ஆகிறதாம். ஒவ்வொரு வருஷமும் புதுப் புல் வாங்கிப் பதிக்கிறார்கள். வெயிலில் காய்ந்துவிட்டது, தண்ணீர் போதவில்லை என்பது அலுவலகத்தின் முடிவு.

தோட்ட வேலைக்கு ஒரு மேஸ்திரி, நான்கு பெண்கள், மிஷின் ஓட்டும் ஒரு பையன். பெண்களில் மூத்தவரை எல்லோரும் பெரியம்மா என்றே கூப்பிட்டார்கள். வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம். நிலம் இருந்தவரை ஏரித் தண்ணீரில் நெல் நடவு செய்தவர். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கருகாத ஒரு திட்டில் ஐந்து விரலையும் மண்ணோடு ஒட்டினாற்போல் விட்டு, ஒரு பிடி புல்லைப் பற்றி மெல்ல மேலே இழுத்தார். பாய் சுருட்டுகிற மாதிரி அந்த இடமே எழும்பி வந்தது.

“முன்னாடி போயி இதே மாதிரி இழுத்துப் பாரு தம்பி. கைதான் வலிக்கும், புல்லு வராது.”

பிடுங்கியதைத் திருப்பிக் காட்டினார். ஒன்றரை அங்குலம் வரை வேர் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. நுனிகள் பக்கவாட்டில் திரும்பி ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. வெயிலும் இளகிய மண்ணும் கிடைத்தால் அருகம்புல்லின் வேர் ஒரு மீட்டருக்கும் கீழே போகக்கூடியது. அந்த இனத்துப் புல்தான் இதுவும்.

“பூச்சி தின்னுச்சா, அதுவா எறங்கலையா, அத மொதல்ல பாக்கணும்” என்றார். வேர்ப்புழு விழுந்த புல்தரையும் இப்படித்தான் சுருண்டு வரும். ஆனால் அதில் வேர் கடிபட்டு, குட்டையாக அறுந்து நிற்கும். அடி மண்ணைக் கிளறினால் வளைந்து படுத்திருக்கும் வெள்ளைப் புழு கையில் அகப்படும். இங்கே புழு இல்லை. வேர் நுனிகள் முழுசாகவே இருந்தன, ஆனால் வெளுப்பாக இல்லை, பழுப்பேறிப் போயிருந்தன. மண்ணைக் கொஞ்சம் நசுக்கி மூக்கருகே கொண்டுபோய்விட்டு என்னிடமும் நீட்டினார். சேற்றில் வைக்கோல் மக்கிய வாடை. வேர் தின்னப்படவில்லை, மூச்சு முட்டிச் செத்திருக்கிறது. மருந்துக் கடையில் பூச்சிமருந்து வாங்கிவந்து தெளித்திருந்தால் காசும் வீண், மண்ணும் கெட்டிருக்கும்.

அடுத்த சோதனை மேஸ்திரியுடையது. ஒரு முனையைக் கூராக்கிய கட்டடக் கம்பி ஒன்று வைத்திருக்கிறார். முன்பக்கத்தில் அழுத்தினால் ஒரு சாணுக்கும் மேலே இறங்கியது. கொல்லையில் இரண்டு அங்குலத்தில் நின்றுவிட்டது. மண்வெட்டியால் ஓர் அடி ஆழத்துக்குச் சதுரமாக வெட்டிக் காட்டினார். மேலே புல்லோடு பத்தையாய் வந்த கருப்புக் களிமண். அதன் கீழ் ஒப்புக்குப் போட்ட செம்மண். அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் இறுகிய களியும் செங்கல் துண்டுகளும். அஸ்திவாரம் தோண்டியபோது வெளியே வந்ததைக் கொல்லையில் பரப்பி, மேலே வண்டியும் ஓட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சாம்பல் களிக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. ஸ்ரீபெரும்புதூர் படிவம் என்றே நிலவியலில் பெயர் பெற்றது அது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கிரெட்டேசியஸ் காலத்துத் தாவர இலைகளின் பதிவுகள் அதில் கிடைத்திருக்கின்றன. ஆய்வாளர்களுக்கு அது பொக்கிஷம். மேலே போட்டு இறுக்கினால், புல்லுக்கு அது சிமெண்ட் தளத்துக்குச் சமம். பத்தை மண்ணும் அடி மண்ணும் ஒட்டாத இடத்தில் தண்ணீர் தேங்கும், காற்று போகாது. வேர் அந்த எல்லைவரை வந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது.

மண் மட்டும்தான் காரணமா என்று கேட்டேன். பெரியம்மா சுவரைக் காட்டினார்.

“கத்திரியில இங்க வெயிலு நல்லா வுழும். ஐப்பசி பொறந்தா போயிடும். தையி வரைக்கும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது.”

ஒரகடம் ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து வடக்கே நகர்கிறது. ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் திரும்பவும் தலையைக் கடந்து தெற்கே போகிறது. அதனால் சுவரின் வடபுறத்துக்கு நல்ல வெயில் கிடைப்பது அந்த இடைப்பட்ட மாதங்களில்தான். மார்கழியில் நண்பகலிலேயே 10 மீட்டர் சுவரின் நிழல் 7 மீட்டருக்கு மேல் நீள்கிறது. சூரியன் தென்கிழக்கில் உதித்துத் தென்மேற்கில் மறைவதால் காலையிலும் மாலையிலும்கூடச் சுவரடிக்கு வெயில் வராது. வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அந்த மாதங்களில்தான். வெளிச்சம் இல்லாத புல்லால் உணவு தயாரிக்க முடியாது. இருக்கிற கொஞ்சத்தையும் வெளிச்சம் தேடி இலையை நீட்டுவதில் செலவழித்துவிடுகிறது. வேருக்கு மிச்சமில்லை. கீழே தண்ணீரும் தேங்கினால் இருக்கிற வேரும் அழுகுகிறது. ஆனால் மழைக்காலப் பச்சையில் இது எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெயில் திரும்பி வந்து மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்ததும் புல் கருகுகிறது. கார்த்திகையில் வந்த நோய் சித்திரையில்தான் வெளியே தெரிகிறது.

இதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே சிலிர்த்தது. வருஷா வருஷம் புல் மாற்றியவர்கள் எல்லோரும் சித்திரையில் வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள். தோட்ட கான்ட்ராக்ட் அடிக்கடி கை மாறுகிறது, சூப்பர்வைசரும் மாறுகிறார். பெரியம்மா மட்டும் ஒவ்வொரு புது கான்ட்ராக்டரிடமும் சேர்ந்து இதே கொல்லையில் தொடர்ந்து வேலை செய்கிறார். பன்னிரண்டு மாதமும் அந்த மண்ணைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவரை யாரும் கேட்கவில்லை. இந்தக் கொல்லையில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது கருகிய புல்லைவிட இதுதான்.

மனிதர்கள் செய்யும் மூன்று காரியங்களும் இதில் சேர்கின்றன. முதலாவது தண்ணீர். ஆலையின் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்கே பாய்ச்சுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தொட்டி தினமும் நிரம்புவதால் தினமும் பாய்ச்சியாக வேண்டும். புல் கேட்டதற்காக ஊற்றும் தண்ணீர் இல்லை அது, தொட்டி காலியாக வேண்டும் என்பதற்காக ஊற்றுவது. மேல்மண் எப்போதும் ஈரமாக இருந்தால் வேருக்குக் கீழே போகவேண்டிய தேவையே வராது. இரண்டாவது, வெட்டு. ஆடிட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் புல்லைத் தரையோடு வழிக்கச் சொல்கிறார்கள். 1955-இல் அமெரிக்க வேளாண் துறைக்காக கிரைடர் என்பவர் வெளியிட்ட ஆய்வில், இலையில் பாதி அல்லது அதற்கு மேல் வெட்டப்பட்டால் வேர் வளர்ச்சி நாள்கணக்கில் நின்றுபோவதைக் காட்டியிருக்கிறார். நிழலில் இருக்கும் புல்லுக்கு இலை கூடுதலாகவே வேண்டும். மூன்றாவது யூரியா. “போட்டா நாலு நாள்ல பச்சை காட்டும் சார். அதுக்கப்புறம் கேக்காதீங்க” என்றார் மேஸ்திரி. இலையைத் தள்ளிவிடும் அந்த உரம் வேரின் பங்கையும் பிடுங்கிக்கொள்கிறது.

உணவு இடைவேளையில் நிர்வாக அதிகாரி வந்தார். வெட்டிய குழியையும் பிடுங்கிய புல்லையும் காட்டி மேஸ்திரி விளக்க, அவர் பொறுமையாகவே கேட்டார். கேள்வி கேட்டால் பெரியம்மாவும் தயங்காமல் பதில் சொன்னார். ஜூனில் வரப்போகும் ஆடிட்டுக்குள் முடியுமா என்று கேட்டதற்கு, “ஆடியிலதான் சார். இப்ப நட்டா காயும், ஐப்பசியில நட்டா அழுகும்” என்றார்.

பேசி முடிவானது இதுதான். சுவரை ஒட்டி 7 மீட்டருக்குப் புல்லே வேண்டாம். அங்கே கூழாங்கல் பரப்பி, நடுநடுவே நிழல் தாங்கும் செடிகள். மீதி இடத்தில் ஓர் அடி தோண்டிச் செங்கல் துண்டுகளை எடுத்துவிட்டு, மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்புவது. புங்க மரங்களின் தாழ்ந்த கிளைகளைக் கழிப்பது. நிழலுக்கு ஓரளவு ஈடுகொடுக்கும் அகல இலைப் புல்லை, நர்சரியில் பஃபலோ கிராஸ் என்று கேட்டால் கொடுப்பதை, பத்தையாக இல்லாமல் கரணையாக வாங்கி நடுவது. அதற்கும் நான்கு மணி நேர வெயிலாவது வேண்டும் என்பதால்தான் சுவரடியை விட்டுவிட்டார்கள். வேர் பிடித்த பிறகு நான்கு நாளுக்கு ஒருமுறை நன்றாக நனையப் பாய்ச்சல், மிஷினின் வெட்டு மூன்று அங்குலத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

தொட்டித் தண்ணீரை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருந்தது. மதிலோரத்து மரங்களுக்குக் குழாய் இழுத்துவிடலாம் என்றார் மேஸ்திரி. எத்தனை அடி குழாய், யார் செலவு என்று அதிகாரியும் அவரும் கணக்குப் போடத் தொடங்கினார்கள். பெரியம்மா களைக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். அங்கே கோரை முளைத்திருந்தது.