எண் காட்டிய கரை

எல்ல என்னும் சிங்களச் சொல்லுக்கு அருவி என்பது பொருள். பதுளை மாவட்டத்திலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்த இச்சிற்றூருக்கு அப்பெயர் மிகப் பொருந்தும். இராவணன் அருவியின் நீரையும் ஏற்றுக்கொண்டு, கிரிந்தி ஓயா மலை இடுக்கினூடே இறங்கி, வெல்லவாயச் சமவெளியை அடைந்து, தென்கடலை நோக்கிச் செல்கின்றது.

சித்திரை மாதத்தொரு நாள், உயர்தர வகுப்பு மாணவர் எண்மருடன் எல்லயிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கினேன். ஜியோகாச்சிங் என்னும் விளையாட்டே எம்மை அழைத்துச் சென்றது. ஒருவர் ஒரு சிறு பெட்டியை ஓரிடத்தில் மறைத்து, அவ்விடத்தின் அகலாங்கு நெட்டாங்குகளை மட்டும் அறிவிப்பார். மற்றவர் செய்மதி காட்டும் வழியே தேடிக் கண்டு, உள்ளிருக்கும் ஏட்டில் பெயரெழுதிப் பெட்டியை முன்போலவே வைத்துவிட வேண்டும். செய்மதிக் குறிகளில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நீக்கிற்று. மறுநாளே அந்நாட்டின் ஒரிகன் மாநிலக் காட்டில் முதற் பெட்டி மறைக்கப்பட்டது. மேனாடுகளில் தோணியால் மட்டுமே அடையத்தக்க தீவுகளிலும் கரைகளிலும் பெட்டிகளை மறைப்பதுண்டு.

நண்பரான ஆசிரியர் ஒருவர் எமக்கென ஆற்றின் எதிர்க்கரை மருதமரம் ஒன்றில் தகரப்பெட்டி ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். இரண்டு சிறு தோணிகளும் மிதப்பு அங்கிகளும் ஆயத்தமாயிருந்தன. எண்களின்படி பெட்டிக்கும் எமக்கும் இடையே அறுபது மீற்றரே. வானம் தெளிவு, ஆறு அமைதி. மாணவர் துடுப்பைக் கையில் எடுத்துவிட்டனர்.

அப்போது தோட்டத்துப் பிள்ளையொருத்தி வடக்கே நோக்கி, “சேர், நம்ம மலை தெரியல்ல. அங்க மழை கொட்டுது. தண்ணி இங்க வந்துரும்,” என்றாள். எல்ல இடுக்கைக் கருமேகம் மூடியிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சிதைத்தபோது மண்சரிவுக்கு அஞ்சி இரவிரவாய் லயத்தைவிட்டு வெளியேறிய குடும்பத்துப் பிள்ளை அவள். நான் தயங்கினேன். நெடுந்தூரம் வந்துவிட்டோமே என்னும் ஆசை எனக்கும் இருந்தது. ஆயினும் தோணிகளை மேட்டில் ஏற்றச் சொன்னேன்.

ஒரு மணி நேரம் கழியுமுன்னே நீர் செம்மண் நிறமாயிற்று. பின்னர் வேரோடு ஒரு மரம் உருண்டு வந்தது. நாங்கள் நின்ற இடத்தையும் வெள்ளம் மூடியது. மாணவர் எவரும் பேசவில்லை.

கையிலிருந்த கருவி அப்போதும் அறுபது மீற்றர் என்றே காட்டிக்கொண்டிருந்தது. அதன் கணக்கில் பிழையில்லை. ஆற்றின் நிலையை அறிவது அதன் வேலையன்று. மலையையும் மழையையும் அறிந்தவர் சொல்லைக் கேளாமல் நீரில் இறங்கலாகாது என்பதை நான் அன்று என் மாணவியிடம் கற்றேன்.

பெட்டி இன்னும் மரத்திலேயே இருப்பதாக நண்பர் எழுதியிருக்கிறார். ஆடியில் நீர் வற்றியபின் சென்று எடுப்போம். ஏட்டில் முதற்பெயர் அவளுடையதாக இருக்கும்.