முதலில் எது நிற்கும்?

மலைப்பாதையில் பாதி தூரம் ஏறிய பிறகு கியர் மாறாவிட்டால், பந்தய சைக்கிள் ஓட்டுபவர் இறங்கித் தள்ள வேண்டியதுதான். கம்பியில் இயங்கும் கியரில் இந்தப் பயம் குறைவு. கம்பி நாளடைவில் தொய்யும், துருவேறும். திருகாணியைத் திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிரான்சின் மாவிக் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் மின்சாரக் கியரைக் கொண்டுவந்தது. ஈரம் அதற்கு ஒத்துவரவில்லை, நிலைக்கவில்லை. 2009-ல் ஜப்பானின் ஷிமானோ கொண்டுவந்த 'டிஐ2' நிலைத்தது. பொத்தானைத் தொட்டால் போதும், சிறு மோட்டார் சங்கிலியை அடுத்த பல்சக்கரத்துக்கு நகர்த்தும்.

பேட்டரி தீர்ந்தால்? அதையும் யோசித்திருக்கிறார்கள். சார்ஜ் குறைந்ததும், அதிக மின்சாரம் இழுக்கும் முன்பக்கக் கியர் முதலில் நிற்கும். பின்பக்கக் கியர் இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்யும். அதற்குள் இலகுவான கியருக்கு மாற்றிக்கொண்டு வீடு சேரலாம்.

கிணறு வற்றும்போது எந்தப் பயிரை விட்டு, எந்தப் பயிரைக் காப்பாற்றுவது என்று விவசாயி முடிவு செய்வதும் இப்படித்தான். தானியங்கி ஸ்டார்ட்டரோ, சொட்டுநீர்க் கருவியோ வாங்கும்போது விலையோடு இதையும் கேளுங்கள்: பழுதானால் முதலில் எது நிற்கும்? கையால் இயக்க வழி உண்டா?