யந்திரமும் திண்ணையும்

விருதுநகரில் ரயில் மாறிச் சிவகாசிக்குப் போகிறவர்களுக்கு இரு பக்கமும் கரிசல் பூமியும் வேலிக்கருவேலுமே துணை. வானம் பார்த்த சீமை; மழை பொய்த்தால் குடியானவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஊருக்குள் நுழைந்ததும் ஒரு விநோதம் காதில் விழுகிறது. தொழிற்சாலை என்று சொல்வாரைக் காணோம். "தீப்பெட்டி ஆபீஸ்", "பட்டாசு ஆபீஸ்" என்கிறார்கள். புதிய தொழிலுக்குக் கௌரவமான பெயர் சூட்டி வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்கள் போலும்!

1922-ம் வருஷம் ஐய நாடாரும் சண்முக நாடாரும் இங்கிருந்து கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்று வந்தார்கள். அக்காலத்தில் ஸ்வீடனும் ஜப்பானும் நம் அடுப்புகளுக்கு நெருப்புக் கொடுத்து வந்தன. அவர்கள் ஜெர்மனியிலிருந்து யந்திரங்களைத் தருவித்தார்கள். ஆனால், இங்கே தொழிலை வளர்த்தது யந்திரமல்ல, கைதான். குழந்தையை விட்டு வெளியூர் போக முடியாத பெண்கள் பூத்தொடுப்பதைப் போலத் திண்ணையில் இருந்தபடியே பெட்டி ஒட்டினார்கள்; ஆபீஸில் கட்டை அடுக்கினார்கள். குடும்ப வாழ்க்கையோடு இசைந்த வேலை நிலைத்தது. யந்திரம் வெகு காலம் ஒதுங்கி நின்றது.

அப்படியானால் சிவகாசிக்காரர்கள் யந்திரத்துக்கு விரோதிகளா? இல்லவே இல்லை. தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதும் அச்சு யந்திரத்தை ஆவலோடு வரவேற்றார்கள். லக்ஷ்மியும் முருகனும் காலண்டரில் ஏறி வீடுதோறும் வந்தபோது, அந்த யந்திரத்தை வாசலிலேயே நிறுத்த யாருக்கு மனம் வரும்?

வழக்கம் திறந்துவிட்ட கதவு வழியே தீமையும் நுழைந்ததை மறைப்பதற்கில்லை. தாய்க்கு உதவியாகப் பிள்ளைகளும் வேலையில் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்கள் இடம் காலியாயிற்று. 1986-ம் வருஷத்துச் சட்டமும் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பும் அதைத் தடுக்க வேண்டியதாயின. மருந்தின் அபாயமோ இன்னும் தீரவில்லை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டதை இச்சீமை மறக்கவில்லை.

2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு பேரியம் உப்பையும் சரவெடியையும் விலக்கி, புகை குறைந்த "பசுமைப் பட்டாசு"க்கு வழி செய்தது. இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரையில்தான் வெடிக்கலாம் என்றும் விதித்தது. தமிழ்நாட்டிலோ தீபாவளி விடியற்காலை எண்ணெய் ஸ்நானத்தோடு பிறப்பது! அரசாங்கம் முறையிட்டதன்பேரில், இரண்டு மணி நேரத்தை நாமே வகுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. காலையில் ஆறு முதல் ஏழு, மாலையில் ஏழு முதல் எட்டு என்று ஏற்பாடாயிற்று. வழக்கத்தைச் சட்டம் மதித்தது. இனிச் சட்டத்தின் நோக்கத்தை நம் வழக்கம் மதிக்க வேண்டாமா? "சத்தம் போதாது" என்று நாம் கடையில் முகம் சுளித்தால், சிவகாசியில் ஒருவர் தடுத்த மருந்தை மீண்டும் கையால் தொட நேரும்.

பக்கத்துச் சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டி என்றொரு கிராமம். வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று அங்குள்ளவர்கள் தீபாவளிக்கும் வெடி வைப்பதில்லை. அவர்களுக்கு எந்தக் கோர்ட்டும் உத்தரவிடவில்லை. பறவைகளுக்காக ஒரு கிராமம் இவ்வளவு செய்யுமானால், பட்டாசு ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் நம் சகோதரிகளுக்காக நாம் சத்தத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாகாதா? வரும் தீபாவளிக்குச் சாமான் ஜாபிதா எழுதும்போது குடும்பத்தார் அனைவரும் கூடி இதை யோசிப்பார்களாக.